சண்டைக்குப் போன லாசியெம்

ஜோக்ஜா சுல்தானின் அரண்மனைக்குத் தெற்கே, மோட்டார் சைக்கிளில் அரைமணி தூரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சோயாவைப் புளிக்கவைத்து டெம்பே செய்து விற்றே ஐம்பதைத் தாண்டிய லாசியெம், அந்த அரண்மனைக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது சண்டை போடத்தான்.

சண்டை புருஷனோடு. நிலநடுக்கத்தில் ஓட்டுக்கூரை சரிந்து கடைசி மகன் போனதிலிருந்து வகிரான் வீட்டுக்குள் வருவதில்லை. புதுக்கூரை போட்டும் வரவில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் பலாமரத்தடியில், தார்ப்பாய்க்குக் கீழே. அவள் கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் சோறு கூடப் போடாமல் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஒரு வருடமாக அரண்மனைச் சேவகம் வேறு. இன்று சாயந்திரம் மகளைப் பெண் கேட்டு வருகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் கூடத்தில் உட்கார்ந்து வாக்குக் கொடுக்க வேண்டாமா? மனுஷன் காலையிலேயே நழுவிவிட்டார். இனிமேல் அவரைச் சேர்க்காதீர்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டு இழுத்துவரத்தான் கிளம்பினாள்.

வாசலில் இருந்த சேவகருக்குப் பெயர் தெரியவில்லை.

"வகிரானா? அப்படி யாருமில்லையேம்மா. அரண்மனையில வெச்ச பேரச் சொல்லுங்க."

லாசியெமுக்கு முகம் சிவந்துவிட்டது. புதுப்பெயர் கிடைத்த அன்று அவர் ஆசையாகச் சொன்னபோது, சூளையில் செங்கல் அடுக்குகிறவருக்கு ராஜா பேரா என்று சிரித்தாளே தவிர, காதில் வாங்கவில்லை.

"கறுப்பா, ஒல்லியா இருப்பாருண்ணே."

"இங்க குண்டா யாரு இருக்கா? வேற அடையாளம் சொல்லுங்க."

"வலது காதுல வெட்டுத் தழும்பு."

"அட, நம்ம ரெக்ஸோவிஜோயோ! நீங்கதான் வீட்டம்மாவா? என் அரண்மனைப் பேரு என் பொண்டாட்டிக்கும் தெரியாது, விடுங்க. வாங்க."

மணல் முற்றத்தைத் தாண்டி அழைத்துப் போனார். நாலு பக்கமும் திறந்த பெரிய மண்டபம். வயதான சேவகர்கள் வெறுங்காலோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பதுதான் அன்றைய முறைக்காரர்களின் வேலை. இதற்காகவா ஓடிவருகிறார் என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடு மண்டபத்தில் இருந்தார் வகிரான். அவர் தலைக்கு மேலே எத்தனை உத்தரம், எத்தனை ஓடு! மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"இவரு... எப்படிண்ணே உள்ள வந்தாரு?"

"வந்த புதுசுல கூரைக்கு வெளியே வெயில்லதான் உக்காருவாரு. நாங்க யாரும் ஏன்னு கேக்கல. ஒவ்வொரு முறைக்கும் ஒரு சாண் நகர்ந்து வருவாரு. நாங்க தள்ளி உக்காந்து இடம் விடுவோம். அவ்வளவுதாம்மா."

தான் இத்தனை வருடம் கத்தி நடக்காததை இந்தக் கிழவர்கள் வாயே திறக்காமல் செய்திருக்கிறார்கள். லாசியெமுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருங்கண்ணே. எல்லாரும் நல்லா இருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவளைக் கண்டுவிட்டு வகிரான் பதறி எழுந்து வந்தார். "என்ன ஆச்சு? பொண்ணுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்க வந்தேன். முறை முடிச்சுட்டு மெதுவா வாங்க."

"சாயந்திரம் நான் எப்படி உள்ள..."

"உள்ள எதுக்கு? வாசல்ல பாய் விரிக்கிறேன். காத்து நல்லா வரும்."

சொன்னபடியே விரித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கேட்டேவிட்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்கே. உள்ள உக்காரலாமே?"

லாசியெம் சமாளிக்க வாய் திறப்பதற்குள் வகிரானே பேசினார்.

"எனக்குக் கூரைன்னா பயம் சம்பந்தி. என் பையன் அதுலதான் போனான். கல்யாணத்துக்குள்ள உள்ள வந்துருவேன்."

மகன் போனதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, வகிரானை ஒட்டி உட்கார்ந்தார்.