பார்த்தீபனின் இருக்கை

அச்சுவேலி உதயகலாவின் பழைய ஒஸ்ரின் ஏ-நாற்பது காரில் சாரதி இருக்கை எப்போதும் பின்னால் தள்ளியே இருக்கும். அது கணவன் பார்த்தீபனின் அளவு. அவளுக்குக் கால் எட்டாது. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டுவாள். யுத்த காலத்தில் ஒரு காலை அவன் வாடகை ஹயருக்குப் போனான். மருதனார்மடத்துக்கு அப்பால் கார் கதவு திறந்தபடி நின்றது. அவன் இல்லை. இன்றுவரை இல்லை.

பிறகு அவளே கார் ஓடப் பழகினாள். கலியாணங்களுக்கு மாப்பிள்ளைகளை ஏற்றுகிறாள். அந்த இருக்கையில் வேறு யாரையும் இருக்க விட்டதில்லை.

போன ஆவணியில் ஒரு கலியாணம். மண்டப வாசலில் வீடியோக்காரன் நிருஷன் காரை மறித்தான்.

"அக்கா, கொஞ்சம் இறங்குங்கோ. மாப்பிளையின்ரை மச்சான் கஜானன் ஓடுறமாதிரி ஒரு ஷொட்."

"இவ்வளவு தூரமும் ஆர் தம்பி ஓடிக்கொண்டு வந்தது?"

"அது ஓட்டம் அக்கா. இது படம். கறுப்புக் கண்ணாடியோடை ஒரு பெடியன் இருந்தால்தான் பாக்கிறவை நிண்டு பாப்பினம். கஜானன் கனடா, நல்ல வெள்ளை. நீங்களும் நானும் கமெராவிலை இருட்டாய்த்தான் விழுவம்."

"நேரம் போகுது அன்ரி" என்றான் பின்னாலிருந்த மாப்பிள்ளை.

அவள் இறங்கினாள்.

கஜானன் தலையணைகளை எடுத்து அவள் கையில் தந்தான். ஸ்ரியறிங்கோடு இருந்த கியர் அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு நாலு பேர் தள்ளினார்கள்.

"கனடாவிலை உப்பிடித்தானோ ஓடுறனியள்?" என்று தள்ளிய ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். உதயகலா சிரிக்கவில்லை. கார் சத்தமில்லாமல் அவளைக் கடந்து போனது. பின்கண்ணாடிக்குள் ஓர் ஆணின் கழுத்து, காது, ஒட்ட வெட்டிய முடி. இருக்கை அவனுக்கு அளவாக இருந்தது.

வீடியோ வந்தபோது எஞ்சின் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். தகப்பன் காணாமற்போனபோது வயிற்றில் இருந்த மகள் நிவேதனா, கழுத்துத் தெரியும் இடத்தில் அதை நிறுத்தினாள்.

"அம்மா, அப்பா உப்பிடியோ இருந்தவர்?"

"உது கனடாப் பெடியன்."

"தெரியும். பின்னாலை பாக்க எப்பிடி எண்டு கேக்கிறன்."

வீட்டிலிருந்த படங்களில் அவனுடைய முகம்தான் இருந்தது. அந்த நாளில் காரில் அவளுக்குப் பின்சீற். கோயிலோ ஆஸ்பத்திரியோ, வழி முழுக்க அவள் பார்த்துக்கொண்டு போனது அவன் கழுத்தைத்தான். இல்லை என்று சொல்வதற்காக அதை நினைத்தாள். கண்ணை மூடி மறுபடி நினைத்தாள்.

வந்தது கஜானனின் கழுத்து.

"ஓம்" என்றாள். "உப்பிடித்தான்."