ஒரு முழத் தூரத்தில் நின்ற கார்

மீராசா நானா காலமாகிவிட்டார் என்று கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவருபவர் சொன்னபோது, என் வலது கால் தானாகவே தரையை அழுத்தி மிதித்தது. அவருடைய கராஜில் வாகனம் திருத்தியவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் எங்கள் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதற்குப் படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம், அவர்களுடைய அதிகாரி ஒருவர், கிளாக்கராயிருந்த எனக்கு விற்ற காரின் இரைச்சல். மூன்று மாகாணத்துக் காகங்கள் அதைக் கேட்டு இடம்பெயர்ந்தன. ஆனால் பிரேக் லைனிங் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. நாலாம் மிதிக்குத்தான் கார் நிற்பதைப் பற்றி யோசிக்கும்.

நானா சில்லைக் கழற்றிப் பார்த்தார். “ஓடாத கார் ஆரையும் கொல்லாது, கிளாக்கரையா. நிக்காத கார்தான் கொல்லும். விட்டுட்டுப் போங்க, லைனிங் கொழும்பால வரட்டும்.”

நான் விடவில்லை. வாகனப் பரிசோதகர் பார்க்காத நேரம் மூன்று தரம் மிதித்துவைத்து, நாலாவதில் நிறுத்திக் காட்டிச் சான்றிதழ் வாங்கினேன். அதைக் கொடிபோல் ஆட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

“அரசாங்கமே சொல்லிப்போட்டுது, நானா!”

“ஓம். அரசாங்கம் உங்களோட காருக்குள்ள ஏறுமோ?”

அடுத்த கிழமை கிண்ணியாவில் கலியாணம். வாகனங்களைச் சுமந்து கடல்வாயைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைக்குச் சரிவில் இறங்கவேண்டும். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் காரை விடுவதுதான் வழக்கம். “ஆக்களை இறக்குங்க!” என்று பாதைக்காரர் கத்தினார். மகாராணியும் இரண்டு இளவரசிகளும் மண்ணில் நடப்பதா? மனைவியையும் மகள்மாரையும் உள்ளே வைத்தபடியே விட்டேன்.

முதல் மிதி, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு நேரமில்லை. சில்லு மிதவையின் பலகையில் ஏறிவிட்டது. எதிர்முனையில் ஒரு சங்கிலி, அதற்கப்பால் தண்ணீர். பின்னாலிருந்து சின்னவள் “அப்பா” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போக அதே மிதவையில் நின்ற நானா, தன் புதுச் சைக்கிளைத் தூக்கி முன்சில்லுக்குக் கீழே எறிந்தார். இரும்பு நொறுங்கியது. கார் அதையும் இழுத்துக்கொண்டு போய்ச் சங்கிலியில் முட்டி நின்றது.

“ஒருத்தரும் அசையாதீங்க.” மகள்மாரை அவரே ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார். மனைவி இறங்கினாள், என்னைப் பார்க்கவில்லை.

பிறகு நானா முழந்தாளிட்டு, சில்லிலிருந்து பலகை முடியும் இடம்வரை தன் கையை வைத்து அளந்தார்.

“ஒரு முழம். நீங்க கதை சொல்லுற ஆள், கிளாக்கரையா. இதைக் கூட்டாதீங்க. குறைக்கவும் வேணாம்.”

சாம்பல்தீவில் பிடித்த ஒரு நண்டைக் கதையில் யானையாக்கிய வாய் இது. ஆனால் அவர் எனக்கு விட்டுப்போன அந்த அளவை இத்தனை வருடத்தில் ஒரு விரற்கடைகூட நான் நீட்டியதில்லை. இன்னும் ஒரு முழம்தான், நானா.