தம்பியின் தோளில் தைத்த கொடி

தம்பி கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்து, கடைசியில் ஏமாற்றிவிட்ட நாள். பஸ் நிலையத்தில் அவன் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான். அக்காவோ அவன் முகத்தைப் பார்க்காமல் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு நாட்டின் கொடி இருந்தது. அவள் கையால் தைத்தது.

"அதையே பாத்துக்கிட்டிருக்கியே, ஓடியா போயிரும்?" என்றான்.

"எப்படி ஓடும்? நான் தைச்சதுடா."

அவன் சிரிக்கவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, பஸ் படிக்கட்டில் நின்று திரும்பினான். "நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்க்கா. அத நீ செய்யல."

இன்ஜின் இரைச்சலில் காதில் விழாததுபோல அவள் கையை ஆட்டினாள். நன்றாகத்தான் விழுந்தது.

ராணுவ முகாமின் வாசலுக்கு எதிர்ச்சாரியில் இருந்த தையற்கடையில் அவள் வேலை பார்த்தாள். பட்டாளத்துக்காரர்களுக்குச் சட்டையைப் பிடிப்பதும் தளர்த்துவதும், பெயர்ப்பட்டை வைப்பதும், பதவிக்கோடு மாற்றுவதும்தான் அங்கே வேலை. யாருக்கு எந்தப் பட்டை எங்கே வரவேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால் கடையில் அவளுக்கு 'மிலிட்டரி' என்று பெயர். பெயர் வைத்தவர் கட்டிங் மாஸ்டர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே நக்கலடிக்கக்கூடிய மனிதர்.

பட்டாளத்துச் சட்டை எல்லாவற்றிலும் கொடி இருக்கவேண்டும் என்று அந்த வருடம்தான் உத்தரவு வந்திருந்தது. தைப்பதா, வெல்க்ரோ வைத்து ஒட்டுவதா என்று உத்தரவில் இல்லை. கடையில் அது பெரிய வழக்காகிவிட்டது.

"சொந்த நாடு எதுன்னு மறந்துருவாங்கன்னு தோள்ல எழுதி அனுப்புறாங்களா?" என்பார் மாஸ்டர். "கொடி கம்பத்துல இருந்தாப் போதாதா?"

"உங்க கடைக்கு எதுக்கு மாஸ்டர் போர்டு? கடை எதுன்னு மறந்துருவீங்களா?"

"போர்டு கடைக்கு வெளியதானம்மா நிக்குது. அது எங்கூட வீட்டுக்கு வரல, சண்டைக்கும் வரல."

"ஒட்டுறதுக்கும் பிச்சு எறியறதுக்கும் கொடி என்ன சினிமா போஸ்டரா? தைக்கணும். தைச்சாத்தான் மரியாதை."

அவளுக்கு அது வெறும் வாதம் இல்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் போனபிறகு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசலில் நின்றவள் அவள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை அவள் மறக்கவே இல்லை. அவன் பட்டாளத்தில் சேர்ந்து, தோளில் கொடியோடு அதே தெருவில் நடந்தபோது அதே பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதனால்தான், கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி புதுச் சட்டையைக் கொண்டுவந்து, "ஒட்டுற மாதிரி வச்சுக் குடுக்கா" என்றபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"ஏன், கழட்டணுமா உனக்கு?"

"சில இடத்துல கழட்ட வேண்டியிருக்கும்."

"எந்த இடத்துல? கொடியக் கழட்டி வச்சிட்டுச் செய்யிற வேலை அப்படி என்னடா வேலை?"

அவன் மெஷின் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் வாயை மூடிக் காத்திருந்தால் சொல்லியிருப்பான். அவள், "வெட்கமா இருக்கோ தொரைக்கு?" என்று கேட்டு, சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். பையைத் தைக்கிற முரட்டு நூலைப் போட்டாள். நான்கு ஓரமும் இரட்டைத் தையல் அடித்து, அது போதாதென்று மூலைக்கு மூலை குறுக்கேயும் ஓட்டினாள்.

அவன் போய்ச் சில மாதம் ஆகியிருக்கும். பட்டன் வைக்க வந்த முகாம் கிளார்க், மீதிச் சில்லறையை எண்ணுகிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: "கொடிய அறுத்துப் போட்டவன் உங்க தம்பிதானாமே?"

கடையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "என் தம்பி அப்படிச் செய்யமாட்டான்" என்றாள். கிளார்க் தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவைத்தார். அவர் ஏதாவது நக்கல் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

காவலில் வைத்து, விசாரித்து, வேலையை விட்டு நீக்கி அவனை அனுப்பினார்கள். அவன் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தான். பெட்டியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து அவள் மெஷின் மேல் வைத்தான். வெயிலில் வெளுத்த சட்டை. தோளில் மட்டும் கொடி இருந்த இடம் கட்டமாக, புதுத் துணியின் நிறத்தில் இருந்தது. அதன் ஓரம் பூராவும் கிழிசல்.

"நீ தைச்சது பிரியவே இல்லக்கா" என்றான். கிண்டலா, அழுகையா என்று தெரியாத குரல்.

கடை வாசலில் நான்கு பட்டாளத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவள் பார்த்தது அவனை இல்லை, அவர்களை. அவர்களுக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்: "என் மூஞ்சில கரியப் பூசிட்ட. சட்டைய வச்சிட்டுப் போ. வீட்டுப் பக்கம் வராத."

"ஏன் செஞ்சேன்னு கேக்கமாட்டியாக்கா?"

"வேண்டாம்."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு புதுக் கொடியை எடுத்து, கிழிசலை மறைத்து அந்தச் சட்டையில் மறுபடி தைத்தாள். அதே நூல், அதே இரட்டைத் தையல். யார் வந்து கேட்டாலும் காட்டலாம் என்பதுபோல அதைச் சுவரில் மாட்டிவைத்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அவன் போன பட்டாள லாரியை ஓட்டிய டிரைவர் லீவில் வந்து, கால்சட்டை உயரம் குறைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் மாட்டிய சட்டையைப் பார்த்தார். பெயர்ப்பட்டையைப் படித்தார்.

"இதுல திரும்பவும் கொடிய வச்சது யாரு?"

"நான்தான்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா உங்ககிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"வேத்து நாட்டுக்கா போனோம்? நம்ம ஊருதான். அணைக்கு நிலம் எடுத்தாச்சு, சனங்க வீட்ட விட்டுப் போகமாட்டேன்னுட்டாங்க. இடிக்கிறதுக்குக் காவல் நாங்க. முன்னாடியே இதே மாதிரி ஒரு ஊருக்குப் போயிருக்கோம். அப்பலருந்தே அவன் சரியாத் தூங்கல. இந்தத் தடவ போனா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாசல்ல நிக்கிதுங்க. கொடியப் பாத்தா அசையாம நிக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்கபோல. இவன் தோளப் பாத்துச்சுங்க, அப்படியே வரிசையா நின்னு சல்யூட் அடிச்சிருச்சுங்க. பின்னாடி அதுங்க வீடு இடிஞ்சுக்கிட்டிருக்கு. திரும்பிப் பாக்கல ஒண்ணும்."

அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இவன் கொடிய ஒரு கையால மூடினான். ஒரு பொண்ணு, இத்தினிக்காண்டு இருக்கும், 'ஏன் மாமா கொடிய மறைக்கிறீங்க?'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். லாரிக்குப் பின்னாடி போயிட்டான். நகத்தால பிச்சுப் பாத்தான், பல்லால இழுத்தான், வரல. என்கிட்ட கத்தி வாங்கி அறுத்தான். அறுத்தத எறிஞ்சான்னு விசாரணையில எழுதிட்டாங்க. எறியல. மடிச்சுப் பாக்கெட்டுக்குள்ள வச்சான். நான் பாத்தேன்."

டிரைவர் போனபிறகு அவள் சட்டையைச் சுவரிலிருந்து இறக்கினாள். பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், பழகிய கையால் பிரித்தும் நூல் விட்டுக்கொடுக்கவில்லை. குறுக்குத் தையல் வந்தபோது பிளேடு வழுக்கி விரலைக் கிழித்தது. லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு இதை அவன் எவ்வளவு நேரம் அறுத்திருப்பான். அந்தப் பிள்ளைகள் அவ்வளவு நேரமும் சல்யூட் அடித்தபடி நின்றிருக்குமோ. அவன் கொடியை நினைத்து வெட்கப்படுகிறான் என்றல்லவா அவள் நினைத்தாள். காது மடல் சுட்டது. கடையில் எல்லாரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தும், எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள். அந்த எண் இப்போது வேறு யாருடையதோ. அடுத்த லீவில் டிரைவர் வந்தபோது, "அவனப் பாத்தா ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

அவள் அளவு நாடாவைச் சுருட்டி, மறுபடி பிரித்தாள். "சாப்பிட்டியான்னு கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

கொடி வேண்டாம் என்று அவள் இப்போதும் சொல்லமாட்டாள். ஆனால் யாராவது குரலைத் தாழ்த்தி, "ஒட்டுற மாதிரி வைக்க முடியுமா?" என்று கேட்டால், ஏன் என்று கேட்காமல் வைத்துக் கொடுத்தாள். மாஸ்டர் ஒருமுறை, "என்ன மிலிட்டரி, கட்சி மாறிட்டியா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரை அதோடு விட்டுவிட்டார்.

தம்பி எங்கோ சரக்கு வண்டி ஓட்டுகிறான் என்பதும், கல்யாணம் ஆகிவிட்டது என்பதும், பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதும் டிரைவர் வாய் வழியாகத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தன. கல்யாணத்தைக் கேள்விப்பட்ட அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. 'வீட்டுப் பக்கம் வராத' என்று சொன்னது அவள்தானே. சொன்னபடி கேட்டிருக்கிறான்.

மாஸ்டர் கண் மங்கி வேலையை நிறுத்தி, கத்தரியும் அவள் கைக்கு வந்துவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் போன் அதிர்ந்தது. தெரியாத எண். முதலில் ஒரு படம் வந்தது. சின்னஞ்சிறு பள்ளிக்கூடச் சட்டை, மேசைமேல் விரித்திருந்தது. பக்கத்தில், ஓரமெல்லாம் பிசிறாக, மடித்த தடம் மறையாத ஒரு பழைய துணிக் கொடி. அதன் மூலையில் அவளுடைய முரட்டு நூல் இன்னும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே எழுத்து வந்தது.

"சாப்பிட்டேன்க்கா. பாப்பா சட்டைல கொடி வைக்கணும்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. இதுதான் வேணும்னு அடம் பிடிக்கிறா. நீ சொல்லு, தைக்கவா, ஒட்டவா?"