டிப்போவில் இரண்டு கீரை டப்பா

பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டிய டிரைவர், அந்த ஆண்டு உடல் பரிசோதனையில் தேறவில்லை. ரத்த அழுத்தம் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. குறைகிறவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி, டிப்போ வாசலில் வண்டிகள் போய்வரும் நேரத்தைக் குறிக்கும் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். தன் பஸ்ஸை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போகும் நேரத்தையும் அவரே குறிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைத்துக் கீரையும் பீட்ரூட்டும் நிறையச் சாப்பிடச் சொன்னார். "அதுல நைட்ரேட்னு ஒண்ணு இருக்கு. ரத்தக் குழாயைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கும், இதயத்துக்குப் பாரம் குறையும். ஆனா அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க."

மறுநாள் மதியம், டிப்போ சாப்பாட்டு அறையில் டிரைவர் டப்பாவைத் திறந்தார். உப்பு பேருக்குக்கூட இல்லாத கீரை. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, மூடிவிட்டார். அவரோடு பதினோரு வருஷம் விசில் ஊதிய கண்டக்டர் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவன் டப்பாவிலும் கீரை. ஓரத்தில் பீட்ரூட்.

"உனக்கு என்னப்பா வந்துச்சு?"

"எனக்கும் பிரஷராம்ணே. நேத்துதான் பார்த்தாங்க. நல்லவேளை, துணைக்கு நீங்க இருக்கீங்க."

"அட பாவி!" டிரைவருக்குத் தன் கவலை போய் அவன் கவலை வந்து ஒட்டிக்கொண்டது. "மிச்சம் வைக்காம சாப்பிடுடா" என்று அதட்டியபடியே தன் டப்பாவையும் காலி செய்தார். பூண்டை வதக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் உப்பு நினைப்பு வராது என்று இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். பீட்ரூட் தின்ற மறுநாள் சிறுநீர் சிவந்திருக்கக் கண்டு கண்டக்டர் அலறிக்கொண்டு ஓடிவந்ததில் டிப்போவே சிரித்தது.

நான்காம் மாதம் அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கியது. பஸ் திரும்பக் கைக்கு வந்தது.

அந்த வாரம் கண்டக்டரின் மனைவி அவர் பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறினாள். "ஏம்மா, அவனுக்கு இப்ப பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டார் டிரைவர்.

"அவருக்கா? அதெல்லாம் ஒண்ணும் இல்லையேண்ணே! கீரைன்னாலே முகத்தைச் சுளிக்கிறவர், நாலு மாசமா அதையே கட்டிக் கொடுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் டிரைவர் கேட்டேவிட்டார். "ஏன்டா பொய் சொன்னே?"

கண்டக்டர் தலை நிமிரவில்லை. "தனியாச் சாப்பிட்டா உங்களுக்கு இறங்கலியேண்ணே."

திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார்.