பொத்தான் பிடுங்கிய தொப்பி

தொப்பியின் உச்சியில் துணி போர்த்திய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஆறு துண்டுத் துணிகள் வந்து சேரும் இடத்தை மறைக்க வைப்பது. அழகுக்குத்தானே என்று நினைத்திருந்தேன். தொப்பி போட்ட தலையில் உப்புக் கூடையை ஏற்றிய என் ஓரகத்தி, நாலு எட்டு வைப்பதற்குள் அதைக் கீழே போட்டுவிட்டு, "உச்சந்தலையில ஆணி அடிக்குதுடி" என்று கத்தியபோதுதான் அதன் குணம் தெரிந்தது.

அது இரண்டாயிரத்து ஐந்தின் கோடை. மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் இருவரும் கூடை சுமந்தோம். அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கண்புரை ஆபரேஷன் ஆகிச் சில மாதங்கள்தான். உப்பின் வெளிச்சத்தில் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தொப்பி போட்டுப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் உப்பளத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியோ வியர்வையில் வழுக்கிப் பாத்தியில் விழுந்தது. "என்னை ஊட்ல குந்த வெச்சீங்கன்னா செத்துருவேன்" என்று அக்கா அழுதார். எனக்கும் பயம்தான். அவர் இல்லாத உப்பளத்தில் நான் யாரோடு பேசுவேன், யாரோடு சண்டை போடுவேன்?

சுனாமிக்குப் பிறகு யார் யாரோ கொடுத்துவிட்டுப் போன தொப்பிகள் வீட்டில் கிடந்தன. முதல் தொப்பியின் பொத்தானைக் குறடால் பிடுங்கினேன். ஆனால் நெற்றிப் பக்கம் உள்ளே விறைப்புத் துணி வைத்துத் தைத்திருந்ததால் சும்மாடு உட்காராமல் சரிந்தது. இன்னொன்றில் வெயில் மறைக்கும் முன்மடலுக்குள் வெறும் அட்டை; வியர்வையில் ஊறி, நனைந்த அப்பளமாகத் தொங்கியது. பிளாஸ்டிக் வைத்த நல்ல வெள்ளைத் தொப்பி கிடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதை நானே மாட்டிக்கொண்டு பாத்தியில் குனிந்தேன். வெளிச்சம் மேலிருந்து வரவில்லை. உப்பில் பட்டு எழும்பி, மடலின் வெள்ளை அடிப்பக்கத்தில் மோதி, நேரே கண்ணுக்குள் வந்தது.

புதுச்சேரிச் சந்தையில் ஒவ்வொரு தொப்பியாகக் கவிழ்த்துப் பார்த்தேன். "தலையில போட்டுப் பாக்காம என்னாம்மா கவுத்துக் கவுத்துப் பாக்குறே?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். அடிப்பக்கம் கரும்பச்சை, நெற்றி மெத்தென்று, பின்னால் கொண்டைக்கு இடம்விட்டு ஒன்று அகப்பட்டது. அதற்கும் பொத்தானைப் பிடுங்கி, ஓட்டையில் ஒட்டுப் போட்டேன். இன்றைக்கும் தொப்பியைக் கண்டால் என் கை தானாகக் கவிழ்த்துவிடுகிறது.

உப்பளத்திலிருந்து வந்ததும் கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்துவிடும் அக்கா, அந்தத் தொப்பியோடு வேலைக்குப் போய்வந்த அன்று மாலை நிமிர்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்.

"என்னாடி இது, மூலையெல்லாம் ஒட்டடை? இத்தோடயா குடித்தனம் பண்றே?"

நான் வாழ வந்த நாளிலிருந்து அவரிடம் வாங்காத திட்டில்லை. திட்டு வாங்கி நிம்மதியில் அழுதது அன்றுதான்.

"இன்னும் எங்கெங்க இருக்குது, சொல்லுக்கா" என்று துடைப்பத்தை எடுத்தேன்.