அத்திபெலே விலாசத்துக்கு வந்த கடிதம்

ஓசூர் சபையார் என் வாயிலிருந்து ஒரே காரியத்துக்கு இரண்டு சாட்சிகள் கேட்டிருக்கிறார்கள். முதலில் சொன்னது பொய்ச் சாட்சி. இரண்டாவதை எழுதிக் கொடுக்கும்படி போதகர் ஐயா சொன்னதால் எழுதுகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தும்விட்டேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்வேனோ என்று ஒரு பயம். சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேனோ என்று இன்னொரு பயம். கர்த்தர் என் கையைப் பிடித்து நடத்துவாராக.

1955ஆம் வருடம் தை மாதத்தில், ஓசூரில் என் கணவர் வேலை பார்த்த கடலை எண்ணெய் மில் நின்றுபோனது. முதலாளி இறந்ததும் பிள்ளைகள் எஞ்சினை விற்றுவிட்டார்கள். என் கணவர் தேவதாஸ் அந்த எஞ்சினை ஏழு வருடம் ஓட்டியவர். அது ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் எழுத்து வராது. கையெழுத்து மட்டும் போடுவார். நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். எங்கள் மகள் பாக்கியத்துக்கு அப்போது நான்கு மாதம். குடியிருந்தது ஜூஜுவாடியில். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம் வந்துவிடும்.

மாசி போனது, பங்குனி போனது. தோட்டங்களில் பம்பு நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். கேழ்வரகு கொடுப்பார்கள், சில நாள் தேங்காய் கொடுப்பார்கள். பிறகு அதுவும் குறைந்தது. சாப்பாடு குறைந்ததை நான் தாங்கிக்கொண்டேன். அவர் பேச்சு குறைந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பாக்கியம் அவர் விரலைப் பிடித்தால்கூட விடுவித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒரு நாள், "ஆடிக் கடைசியில கூலிக்கு ஆள் சேக்கற மேஸ்திரி பம்பாய்க்கு ஆளுங்கள இட்டுனு போறாராம். நானும் போறன்" என்றார்.

எங்கள் தெருவில் முருகேசன் என்று ஒருவர் இருந்தார். அதே மேஸ்திரியுடன் பம்பாய்க்குப் போய் இரண்டு வருடம். அவருடைய மனைவி சின்னத்தாயி என்னிடம்தான் கடிதம் எழுதிக்கொள்ள வருவாள். "நல்லா இருக்கியான்னு மட்டும் எழுது ரூத்தம்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்பாள். எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அவளுக்கு எழுதிய இந்தக் கையால் எனக்கும் எழுத வேண்டி வருமோ என்று நினைத்தாலே அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும். பால் கொடுக்கும்போது, மாவு பிசையும்போது, கிணற்றில் வாளியை இறக்கும்போது, எப்போதும் ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, ஆடி முடிவதற்குள் இவருக்கு ஒரு வேலை கொடும்.

என் கணவரின் அக்கா மரியம்மா அத்திபெலேயில் இருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம். சித்திரையில் வந்தவர் என் கணவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டா, பெங்களூர்ல ஃபாக்டரி ஃபாக்டரியா தொறக்கறான். ஃபிட்டரு கெடைக்கலன்னு அலையறான். நீ இங்க தோட்டத்துப் பம்புக்குத் தவம் இருக்கற!"

"அங்க எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுல பேரு பதியணும்க்கா. அந்த ராஜ்யத்து ஆளத்தான் பதிவாங்க. நம்மளது சேலம் ஜில்லா, ஆபீசும் சேலத்துலதான்."

"சேலம் போயி என்னாத்த காணப்போற? ஒரு பகல் பூரா பஸ்சு. எங்க வீட்டு விலாசத்தக் குடு. இந்தத் தெருவுல பாதிப் பேரு அப்படித்தான் குடுத்திருக்கான். ரூத்து, நீ எழுதிக் குடும்மா. உன் எழுத்து முத்து முத்தா இருக்குது."

உண்மைதான். எல்லையில் இருக்கிற எங்களுக்கு அது பொய் என்றே தோன்றுவதில்லை. அங்கே பெண் கொடுக்கிறோம், சந்தைக்குப் போகிறோம், கன்னடம் பேசுகிறோம். விலாசம் மட்டும் ஏன் இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் 'விலாசம்' என்ற இடத்தில் அத்திபெலே என்று எழுதியபோது என் கை ஒரு நொடி நின்றது. நின்றது எனக்குத் தெரியும். எழுதினேன்.

பெங்களூர் ஆபீசுக்கு நானும் குழந்தையோடு போயிருந்தேன். குமாஸ்தா வேலைக்குப் பதிய வந்த படித்த பிள்ளைகள் வாசலைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நின்றார்கள். ஃபிட்டர், டர்னர் பதிகிற ஜன்னலில் நான்கே பேர். சுவரில் காலியிடங்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. டர்னர் தேவை, மோல்டர் தேவை, ஃபிட்டர் தேவை என்று வரிசையாகப் படித்தேன். குமாஸ்தா என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு பிள்ளை என் கணவரின் கையைப் பார்த்து, "அண்ணே, எண்ணெய்க் கையி உங்களுக்கு. எங்களுக்கு மசிக் கைதான். மாத்திக்கலாமா?" என்று சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு என் கணவரும் அன்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் விலாசத்தை மறந்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. மூன்றாம் வாரம் மரியம்மா அண்ணி வெயிலில் நடந்தே வந்தார். கையில் எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து வந்த கடிதம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்கு என் கணவரை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நான் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஓசூர் சபையில் எழுந்து நின்று, "ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது" என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடிதம் எந்த விலாசத்துக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி நிதானமாகப் படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. மூன்று வருடமாக அந்த ஊரில் குடியிருப்பதாகக் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்தப் பக்கத்தில் அவரை ஷானுபோகர் என்பார்கள்.

"அவரு நல்ல மனுசன். நான் சொன்னா நம்பிப் போடுவாரு" என்றார் இன்னும் எங்களோடு தங்கியிருந்த அண்ணி.

நம்பிப் போடுவார் என்ற சொல் என்னைக் குத்தியது. ஒரு தாளில் நானே பொய் எழுதியது வேறு. ஒரு நல்ல மனிதரை அறியாமல் பொய்க்குக் கையெழுத்துப் போடவைப்பது வேறு. அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகு, இரண்டும் ஒன்றுதானே என்று பட்டது. அதற்கும் பிறகு, நான் யார் இதையெல்லாம் யோசிக்க, குழந்தைக்குப் பால் இல்லை என்று பட்டது. மூன்று நாள் இப்படியே போனது. கடிதத்தைக் கர்த்தர் அனுப்பினாரா, என் பொய் கொண்டுவந்ததா? கர்த்தர் அனுப்பியது என்றால் அதை மறுப்பது பாவம். பொய் கொண்டுவந்தது என்றால் சபையில் நான் கர்த்தரின் பேரால் பொய்க்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேலை கொடும் என்று கேட்க நாக்கு எழவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: ஆண்டவரே, நான் பொய் எழுதினேன். அதை முதலில் எடுத்துப்போடும். பிறகு உமக்குச் சித்தமானதைச் செய்யும்.

புதன்கிழமை காலை ஷானுபோகரைப் பார்க்கப் புறப்பட்டோம். அத்திபெலே பஸ் நிற்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

"ஏங்க, கையெழுத்து வேணாங்க. பெங்களூருக்கே போயி உண்மையைச் சொல்லிடலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"எழுதனது நீ. எழுந்து நின்னு சாட்சி சொன்னதும் நீ. இப்ப வேணாங்கறதும் நீயா? ஞாயித்துக்கெழம மேஸ்திரி கெளம்பறாரு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"உண்மையச் சொன்னா பேரு பதிஞ்ச கார்டக் கிழிச்சுப் போடுவான். அப்புறம் நான் பம்பாய்க்குப் போவன். அழக்கூடாது."

"அழமாட்டன்" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

பெங்களூர் பஸ் வந்தது. அவர்தான் முதலில் ஏறினார்.

ஆபீசில் அதிகாரி ஜலதோஷத்தோடு, எரிச்சலோடு இருந்தார். "ஏனம்மா, மனெ எல்லி?" என்றார். வீடு எங்கே என்ற அந்த ஒரு கேள்விக்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம். ஜூஜுவாடி என்றேன். எழுதியது நான், என் கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தண்டனை எனக்குத்தான் என்றும் சொன்னேன். அவர் தமிழில் கத்தத் தொடங்கினார்.

"ரெண்டு ராஜ்யத்துச் சோறும் வேணுமா உங்களுக்கு? இங்கே இருக்கிற பிள்ளைங்க எங்கே போவாங்க?"

கார்டை இரண்டாகக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்குப் பாக்கியம் வீரிட்டு அழுதாள். என் கணவர் தலை குனிந்து நின்றார். அவரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என் ஜெபம்தான் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்குள் விசுவாசம் எதுவும் இல்லை. இதையும் எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிழித்த பாதியைக் கூடையில் போடப் போனவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆயில் எஞ்சின், ஏழு வருஷம். பம்பும் தெரியுமா?"

"தெரியுங்க" என்றார் என் கணவர்.

"அப்புறம் எதுக்கய்யா இங்கே வந்தே?" மேஜையில் கிடந்த காகிதக் கட்டை இழுத்தார். "சேலத்து ஆபீசுக்காரங்க மூணு தடவை எழுதிட்டாங்க. அவங்ககிட்ட ஆள் கிடைக்காத வேலைக்கெல்லாம் பக்கத்து ஆபீசுங்களைக் கேட்பாங்க. கிருஷ்ணகிரி அணைக்கட்டுல தண்ணி இறைக்கிற எஞ்சினுக்கு ஃபிட்டர் வேணுமாம். இங்கே ஃபாக்டரியை விட்டுட்டு எவன் அங்கே போய்க் குடிசையில படுப்பான்? 'ஆள் இல்லை'ன்னு இன்னைக்குத் தபால்ல எழுதப்போறேன். உங்க ஜில்லா வேலை உங்க ஊர்ப் பக்கத்துல கிடக்குது. நீங்க இங்கே வந்து திருட்டு விலாசம் கொடுக்கிறீங்க!"

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் வேலை என்றால் எல்லாரும் பெங்களூர் பக்கமே முகத்தைத் திருப்பி நிற்போம். தெற்கே ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. நாங்களும் பார்க்கவில்லை. அவர் திட்டிக்கொண்டே சேலத்து ஆபீசுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். உண்மையான விலாசத்தைப் போடச் சொல்லி என் கணவரை அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் என் கணவர் சேலம் போனார். பதிந்த அன்றே அணைக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலை அங்கே பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து நின்றது. ஒரு எஞ்சின் இரண்டு நாளாக ஓடவில்லை. "ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றாராம் ஓவர்சியர். இவர் அதைச் சுற்றி வந்து, எண்ணெய் வருகிற குழாயைக் கழற்றி ஊதி, மறுபடி மாட்டிச் சுற்றினாராம். எஞ்சின் பிடித்துக்கொண்டது, வேலையும் கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பாக்கியத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சட்டையில் எண்ணெய் வாசம் அடித்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் மேஸ்திரி ஆட்களோடு பம்பாய்க்குக் கிளம்பியபோது நாங்கள் சபையில் இருந்தோம். நான் எழுந்து நின்று முதல் சாட்சி பொய் என்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் முன் வரிசையில் இருந்த சலோமி அம்மாள், "ஏம்மா, ஒரு வேலைக்கு ரெண்டு ஸ்தோத்திரம் வாங்கிட்டியே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போகும்போது எல்லையோரம் இருக்கிற இரண்டு குடும்பத்தார் என்னிடம் பேசாமலே போனார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும்; அவர்களும் அந்தப் பக்கத்து விலாசம் கொடுத்தவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்று மேஸ்திரியோடு போனவர்களின் மனைவிமாரும் ஜெபித்திருப்பார்களே, அவர்களுக்கு ஏன் இப்படி நடக்கவில்லை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. சின்னத்தாயியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். அவள் கடிதங்களை இப்போதும் நான்தான் எழுதுகிறேன். எழுதுமுன் இருவரும் ஜெபிக்கிறோம். அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனாலும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள்.

இதை எழுதும் இந்த நாளில் அணை வேலை முடியப்போகிறது. அதற்குப் பிறகு எஞ்சின் பார்க்கிறவர்களை வைத்துக்கொள்வார்களா என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் மூன்றாவது முறையும் பொய் சொன்னவள் ஆவேன். கவலைதான். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை மட்டும் சொல்லி ஜெபிப்பேன், மற்றதை ஒளித்துவைப்பேன். இப்போது ஒளித்துவைத்ததைத்தான் முதலில் சொல்கிறேன். சொன்ன பிறகு பயம் போவதில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு ஆண்டவர் பக்கத்தில் உட்கார முடிகிறது.

வேலை இல்லாமலோ, வேறு எந்த நெருக்கடியிலோ இதைப் படிக்கிற சகோதரியே, உன் ஜெபத்தில் அவரிடம் சொல்ல முடியாத ஒரு வரி இருந்தால் இன்றைக்கு அதைச் சொல்லிவிடு. அவர் கிழித்துப்போடுவது உன் பொய்யைத்தான், உன்னை அல்ல.