டவரில் இரும்பு தீர்ந்தபோது

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, செங்கல் என்ற ஊருக்குப் போகும் வழியில், ஒரு ஓட்டுக் கூடத்தில் நாங்கள் புரோமின் எடுத்தோம். ஊர்க்காரர்கள் அதை மருந்துக் கம்பெனி என்பார்கள். உறக்கம் வராதவர்களுக்குக் கொடுக்கும் புரோமைடு மருந்துக்கு எங்கள் சரக்குதான் போனது. அங்கே வேலை செய்த எனக்கு உறக்கத்துக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

வேலை இதுதான். தெற்கே உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீர் பீப்பாய்களில் வரும். அதை முதல் டவரின் தலையில் ஊற்றி, கீழிருந்து நீராவியும் குளோரினும் விட்டால், புரோமின் செந்தவிட்டு நிறத்தில் ஆவியாகக் கிளம்பும். பெரும்பகுதி குளிர்ந்து ஜாடியில் இறங்கிவிடும். குளிராமல் காற்றோடு ஓடப் பார்ப்பதைப் பிடிக்கத்தான் இரண்டாவது டவர். அதற்குள் லேத்தில் சீவிய இரும்புச் சுருளை அடைத்து, மேலிருந்து தண்ணீர் சொட்ட விட்டிருப்போம். வாயு அந்த ஈர இரும்புக்குள் புகுந்து ஏறும்போது புரோமின் இரும்போடு சேர்ந்து சாறாகக் கீழே வடியும். இந்த இரண்டாவது டவர் என் பொறுப்பு.

அதிலும் அகப்படாதது வயலைத் தாண்டி நேரே அக்கா வீட்டுக்குப் போகும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு.

எல்லைப் போராட்டம் முற்றியிருந்த காலம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி தினமும் ஊர்வலம். அத்தான் முன்வரிசை. வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு லேத்துப் பட்டறை உண்டு. எல்லை விஷயம் தீரும்வரை பட்டறை திறக்காது என்று ஜங்ஷனில் நின்று அறிவித்துவிட்டுப் பூட்டினார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது, வண்டியில் ஏறிய பிறகும் அக்காவிடம் அவர் சொன்னது அது ஒன்றுதான்: "நான் வந்து தொறக்கேன். நீ தொறந்திராத." வீட்டில் அரிசி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பெரிய காரியத்தில் இறங்கிய ஆண்கள் அப்படித்தான்.

சில வாரங்களில் அக்காவுக்கு இழுப்பு கூடியது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு மல்லாடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன்.

"வீட்ட அடச்சுப் போட்டுட்டு வந்தா, அவரு வந்து யார விளிப்பாரு? எலே, உனக்க டவர நோக்கு முதல்ல. அதாக்கும் என்னக் கொல்லுது."

"ஒரு மணமும் இல்லியே அக்கா."

"உனக்க மூக்கு செத்துப் போச்சு மக்கா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. புரோமினோடு கொஞ்சகாலம் கிடந்தால் மூக்கு தன் வேலையை விட்டுவிடும்.

எங்கள் கெமிஸ்ட் மலையாளி. எல்லை விஷயத்தில் அத்தானுக்கு நேர் எதிர். ஆனாலும் போய், வாயு வெளியே கசிகிறதா என்று கண்டுபிடிக்க வழி கேட்டேன். அவர் கஞ்சியில் அயோடைடு உப்பைக் கலந்து, வெள்ளைத் துணிக் கீற்றுகளை நனைத்துத் தந்தார். புரோமின் பட்டால் நீலமாகும். அக்கா வீட்டுத் துணிக்கொடியில் ஒன்றைக் கட்டினேன். மத்தியானத்துக்குள் நீலம் ஏறிவிட்டது.

"கஞ்சி போட்டா துணி வெறைக்கும்ணு தெரியும். நீலமும் ஆவும்ணு இப்பமாக்கும் காணுதேன்" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

டவரைத் திறந்து பார்த்தோம். புரோமினைப் பிடிக்கப் பிடிக்க இரும்பு கரைந்துகொண்டே வரும். மேலே பார்க்க நிறைந்திருந்தது. நடுவில் குடைந்து, வாயு தனக்கு ஒரு வழி செய்துகொண்டிருந்தது. மற்ற சரக்கெல்லாம் கம்பெனியில் இருப்பு இருந்தது. புதுச் சுருள் மட்டும் நாகர்கோவிலிலிருந்து வரவேண்டும். அந்த லாரி மறியலில் மாட்டி நின்றது.

"நிங்ஙள்டெ அளியன்டெ ஆள்க்காரல்லே தடஞ்ஞது?" என்றார் கெமிஸ்ட். தடுத்தது அத்தானின் ஆட்கள்தான். இல்லை என்று நான் எப்படிச் சொல்ல? டவரை நிறுத்திவைக்கலாமே என்று அவரே முதலாளியிடம் கேட்டார். நிறுத்துகிறவன் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று பதில் வந்தது.

மறியல்காரர்களிடம் போனேன். "அண்ணன் ஜெயில்ல கெடக்காரு, நீ மொதலாளிக்க லாரிக்கு வழி கேட்டு வந்திருக்கியா?" என்றார்கள். வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

"மக்கா, லேத்துக்கு அடியில சுருள் குமிஞ்சு கெடக்குல்லா?" என்றாள்.

"அத்தான் தொறக்கப்படாதுன்னு சொல்லீட்டுல்லா போனாரு."

அக்கா பட்டறைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்த பூட்டு அது. ஊர்வலம் அந்த வழியாகப் போனால் அதைக் காட்டித்தான் கோஷம் போடுவார்கள். பிறகு எழுந்து சாவியை எடுத்து வந்து அவளே திறந்தாள். கதவுச் சத்தம் கேட்டு எதிர்வீட்டில் ஆள் எட்டிப் பார்த்தது.

சுருளில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் ஒட்டாது. நெல் அவிக்கும் அண்டாவில் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, சாக்கில் சுமந்து போய் டவரில் அடைத்தேன். அதன் பிறகு கட்டிய துணி வெள்ளையாகவே கிடந்தது. அக்கா பாயில் படுத்து உறங்கினாள். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் உறங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் எல்லையை வகுத்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டோடு போனது, நாங்கள் மலையாளத்துப் பக்கமே நின்றோம். அத்தான் பாதி ஆளாக மெலிந்து வந்தார். பட்டறைக்குள் போனவர், லேத்துக்கு அடியில் தரை தெரிவதைப் பார்த்தார்.

"ஆரு தொறந்தது?"

"நானாக்கும்."

"அந்தக் கம்பெனிக்கா குடுத்த? ஊரு பாத்திருக்கும்லா?"

"பாத்துது. அதுக்கு? நான் மூச்சு விடண்டாமா?"

அன்றோடு அவர் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் சோறு வைத்தால் தின்பார், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். வெளியே தோற்றது போதாதென்று வீட்டிலும் தோற்றதாக அவருக்கு நினைப்பு. வயிறு சும்மா இருக்குமா, பட்டறை மட்டும் ஓடத் தொடங்கியது.

ஒருநாள் காலையில் தோளில் ஒரு சாக்கோடு அத்தான் கம்பெனிக்கு வந்தார். உள்ளே சுருள், எண்ணெய் போக அலசியிருந்தது. நான் வாங்கி டவரில் கொட்டினேன். அவர் டவரின் வாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பமும் வெளிய வருதாலே?"

"எனக்கு எப்பிடித் தெரியும் அத்தான், எனக்க மூக்குதான் செத்துப் போச்சே. அக்காட்ட கேளுங்க."

 அவர் காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைக் கேட்க வயல் வரப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தார்.